கண்ணுக்குள் தங்கிவிட்ட இரும்புத் துண்டு: வலி இல்லை என்றால் அப்படியே விட்டுவிடலாமா?

கேள்வி சுருக்கமாக இது. மச்சானுக்கு முப்பத்தாறு வயது, கிரில் பட்டறையில் வேலை. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் உளியை வைத்துச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தபோது இடது கண்ணில் சுள்ளென்று ஏதோ பட்டிருக்கிறது. இரண்டு நாள் சிவந்திருந்தது, பக்கத்து கிளினிக்கில் சொட்டு மருந்து கொடுத்தார்கள், சரியாகிவிட்டது. இப்போது சில மாதங்களாக அந்தக் கண் மங்கல், ராத்திரியில் பைக் ஓட்ட முடியவில்லை, கண்ணின் பாப்பா பெரிதாக விரிந்தே நிற்கிறது. ஸ்கேன் எடுத்ததில் கண்ணுக்குள்ளே ஒரு இரும்புத் துண்டு. ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். வீட்டுப் பெரியவர்களோ, "இத்தனை நாள் உள்ளேயே கிடந்து ஒன்றும் செய்யாதது இனிமேலா செய்யப்போகிறது, கத்தி வைத்தால் இருக்கிற பார்வையும் போய்விடும்" என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். "ஒன்றும் செய்யாதது" என்று வீட்டில் சொல்கிறார்களே, அங்கேதான் தப்பு. அந்த மங்கல், ராத்திரிப் பார்வைக் குறைவு, விரிந்த பாப்பா எல்லாமே அந்தத் துண்டு செய்ததுதான். செய்துகொண்டே இருக்கிறது, வலிக்காமல் செய்கிறது, அவ்வளவுதான். நான் கண் மருத்துவமனையில் ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது பார்வையைப் பரிசோதிக்கிற ஆள், கத்தி பிடிக்கிற ஆள் இல்லை. ஆனால் டாக்டரிடம் போவதற்கு முன்னால் இந்த மாதிரிக் கண்களெல்லாம் எங்கள் மேஜைக்குத்தான் முதலில் வரும், பட்டறை வேலை பார்க்கிறவர்கள் நிறைய இருக்கிற ஊர்ப்பக்கம் என்பதால் கொஞ்சம் அதிகமாகவே வரும். அதனால் எனக்குத் தெரிந்ததை விவரமாகவே எழுதுகிறேன். முடிவு மட்டும் மச்சானைப் பரிசோதிக்கிற விழித்திரை டாக்டருடையது.

முதலில், ஒரு துண்டு உள்ளே போய் உட்கார்ந்தது எப்படி யாருக்கும் தெரியாமல் போனது என்பது. பட்டறையில் கண்ணில் "தூசி விழுவது" இரண்டு வகை. கிரைண்டிங் வீலிலும் கட்டிங் மெஷினிலும் பறக்கிற பொறி பெரும்பாலும் கண்ணின் மேற்பரப்பில், கார்னியாவில் ஒட்டிக்கொள்ளும். அது நரக வேதனை. கண்ணைத் திறக்க முடியாது, தண்ணீராகக் கொட்டும், ராத்திரி முழுக்கத் தூக்கம் வராது. அதனாலேயே ஆள் மறுநாள் காலையில் மருத்துவமனைக்கு வந்துவிடுவார், ஊசி முனையால் எடுத்துவிட்டு துரு வளையத்தையும் சுரண்டிவிட்டால் வேலை முடிந்தது. சுத்தியல் அடியில் தெறிக்கிற சில்லு வேறு ரகம். இரும்பின் மேல் இரும்பு மோதும்போது, அதிலும் அடிபட்டு அடிபட்டுத் தலை மலர்ந்து விளிம்பு பிசிறு பிசிறாக நிற்கும் பழைய உளியாக இருந்தால், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத கூரான சில்லு பெரும் வேகத்தில் கிளம்பி கார்னியாவையோ வெள்ளைவிழியையோ துளைத்துக்கொண்டு நேராக உள்ளே போய்விடும். துளை அத்தனை சிறியது, தானாகவே ஒட்டிக்கொள்ளும். ரத்தம் இல்லை, பெரிய வலி இல்லை. பார்வை அன்றைக்கு ஆறுக்கு ஆறு, அதாவது குறையே இல்லை என்றுகூட இருக்கலாம். விழித்திரையில் வலியை உணரும் நரம்பு கிடையாது என்பதால், துண்டு அதன் மேலேயே போய் உட்கார்ந்தாலும் ஆளுக்கு ஒன்றும் தெரியாது.

அதனால் எங்கள் ஆட்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: எவ்வளவு வலித்தது என்று கேட்காதே, என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்று கேள். "சுத்தியல்" என்ற சொல் வாயிலிருந்து வந்துவிட்டால், வேறு ஒரு காரணம் நிரூபணமாகிறவரை உள்ளே துண்டு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். உளி, சம்மட்டி, கடப்பாரை, கல்லில் பட்ட மண்வெட்டி எல்லாம் இதில் சேர்த்தி. மண்வெட்டியைப் பட்டறைக்காரர்கள் மட்டும் பிடிப்பதில்லை, காட்டு வேலைக்குப் போகிற பெண்களுக்கும் இப்படி நடக்கும். அவர்கள் வீட்டில் முந்தானையைச் சுருட்டி ஒற்றி எடுப்பார்கள், தாய்ப்பால் விடுவார்கள், சில ஊர்களில் நாக்கால் துழாவி எடுக்கிற பாட்டி ஒருத்தி இருப்பாள். மேலே ஒட்டிய தூசிக்கே இதெல்லாம் ஆபத்து, சீழ் பிடிக்கும். உள்ளே போன இரும்பைப் பற்றி அந்தப் பாட்டிக்கு என்ன தெரியும்?

சரி, உள்ளே போன பிறகு என்ன நடக்கிறது. கண்ணுக்குள் எல்லாப் பக்கமும் திரவம், உப்பும் ஆக்ஸிஜனும் கலந்த திரவம். இரும்பு துருப்பிடிக்க அதைவிட வசதியான இடம் கிடையாது. ஈரத் துணியில் ஆணி கிடந்தால் பழுப்புக் கறை நாளுக்கு நாள் வெளிப்பக்கமாகப் பரவுமே, அதேதான். ஆனால் இது வெறும் கறை அல்ல. துண்டிலிருந்து கரைந்து வருகிற இரும்பு அயனிகள், கண்ணில் இயல்பாகவே சிறிதளவு இருக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடோடு வினைபுரிந்து ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற மூர்க்கமான ஒன்றை உண்டாக்குகின்றன. அது செல்களின் கொழுப்புச் சவ்வை அரிக்கும், நொதிகளைக் கெடுக்கும். விழித்திரையின் ஒளி உணரும் செல்களில் இந்த வகைக் கொழுப்பு மிக அதிகம், அதனால் அடி அங்கே பலமாக விழுகிறது. இந்த மொத்த நிலைக்கும் சிடெரோசிஸ் என்று பெயர். ரிப்போர்ட்டில் "சிடெரோசிஸ் பல்பை" என்று எழுதியிருப்பார்கள்.

இரும்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி படிவதில்லை. பாப்பாவைச் சுற்றியிருக்கிற நிற வளையமான ஐரிஸில், பாப்பாவைச் சுருக்கி விரிக்கிற தசைகளில், லென்ஸின் மேல்தோலுக்கு அடியில் இருக்கிற செல்களில், கண்ணுக்குள் ஊறுகிற நீர் வடிகிற சல்லடையில், விழித்திரையிலும் அதன் நிறமி அடுக்கிலும் போய்ப் படியும். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு அறிகுறி. தசையில் படிந்தால் பாப்பா விரிந்து நிற்கும், டார்ச் அடித்தாலும் சோம்பலாகத்தான் சுருங்கும். உங்கள் மச்சானுக்கு இதுதான் ஆகியிருக்கிறது. லென்ஸில் படிந்தால் புரை. சல்லடையில் படிந்தால் கண் அழுத்தம் ஏறி கிளாக்கோமா. விழித்திரையில் படிந்தால் முதலில் ராத்திரிப் பார்வை குறையும், பிறகு பக்கவாட்டுப் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும்.

ஸ்லிட் லாம்ப்பில், அதாவது கண்ணைப் பெரிதாக்கிக் காட்டுகிற விளக்குக் கருவியில், இதைப் பார்த்தால் மறக்க முடியாது. பாப்பாவை மருந்து விட்டு நன்றாக விரித்துவிட்டு, மெல்லிய ஒளிக்கீற்றை லென்ஸின் முன் மேற்பரப்பில் வைத்தால், தோலுக்குச் சற்றே அடியில் துரு நிறத்தில் சின்னச் சின்னத் திட்டுகள், ஒழுங்கான ஒரு வட்டமாக, பாப்பாவின் விளிம்பை ஒட்டிப் போட்ட பொட்டுகள் போல வரிசையாக நிற்கும். சாதாரணப் புரையில் இந்த நிறம் வராது. அதைப் பார்த்துவிட்டு கார்னியாவை ஓரத்திலிருந்து ஓரம் வரை தேடினால், நூல் முனை அளவுக்கு வெளுத்த ஒரு தழும்பு கிடைக்கும், அதற்கு நேர் பின்னால் ஐரிஸில் ஊசித்துளை போல ஒரு ஓட்டை. பின்னாலிருந்து வெளிச்சம் காட்டினால் அந்த ஓட்டை சிவப்பாக ஒளிரும். துண்டு போன வழி அது. ஒன்றரை வருஷம் கழித்தும் அப்படியே இருக்கும்.

புத்தகங்களில் முதல் அறிகுறியாக எழுதியிருப்பது ஐரிஸின் நிறமாற்றம். நீலக்கண், பச்சைக்கண் உள்ள ஐரோப்பியர்களுக்கு ஒரு கண் மட்டும் பழுப்பாக மாறினால் கண்ணாடியில் பார்த்து அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். நம் ஆட்களுக்கு ஐரிஸ் பிறவியிலேயே கரும்பழுப்பு, அதன் மேல் துரு ஏறினால் என்ன தெரியப்போகிறது? பகல் வெளிச்சத்தில் இரண்டு கண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உற்றுப் பார்த்தால் கொஞ்சம் தெரியும், அவ்வளவே. ஆகவே நமக்கு நிறத்தை நம்பிப் பயனில்லை, பாப்பாவின் அளவும் ராத்திரிப் பார்வையும்தான் துப்பு. இதில் ஏமாறுகிற இடங்களும் உண்டு. விரிந்த பாப்பாவைப் பார்த்து நரம்புக் கோளாறு என்று மூளை டாக்டரிடம் அனுப்பிவிடுவார்கள். விழித்திரையில் நிறமி சிதறியிருப்பதைப் பார்த்து பரம்பரை மாலைக்கண், அதாவது ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா, என்று எழுதிவிடுவார்கள். அந்தப் பரம்பரை நோய் சாதாரணமாக இரண்டு கண்ணிலும்தான் வரும். ஒரே கண்ணில் மட்டும் அப்படித் தெரிந்தால் "எப்போதாவது அடிபட்டதா" என்று கேட்காமல் விடக்கூடாது.

இது எத்தனை நாளில் வரும் என்பதற்கு ஒரே பதில் இல்லை. சிலருக்கு சில வாரங்களிலேயே தொடங்கும், சிலருக்குப் பல வருஷம் ஆகும், பெரும்பாலும் இரண்டு மாதத்திலிருந்து இரண்டு வருஷத்துக்குள் தலைகாட்டும். துண்டு எவ்வளவு பெரிது, அதில் எவ்வளவு இரும்பு, எங்கே உட்கார்ந்திருக்கிறது, சுற்றி நார்த்திசு மூடிக்கொண்டதா என்பதைப் பொறுத்தது. விழித்திரைக்குப் பக்கத்தில் கிடந்தால் சேதம் சீக்கிரம். லென்ஸுக்குள் சிக்கியிருந்தால் லென்ஸின் உறையே ஓரளவு வேலி போலத் தடுத்து வைக்கும். அப்படிப்பட்டவர்கள் அதிர்ஷ்டசாலிகள், புரை ஆபரேஷனிலேயே லென்ஸோடு சேர்த்து துண்டையும் எடுத்துவிடலாம்.

எல்லா உலோகமும் ஒரே மாதிரி கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் "எங்கள் பெரியப்பா கண்ணில் சில்லு இருபது வருஷமாக இருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை" என்று யாராவது ஒருவர் சொல்லுவார். அவர் பொய் சொல்லவில்லை. கண்ணாடி, கல், மணல், பிளாஸ்டிக், தங்கம், வெள்ளி இவையெல்லாம் உள்ளே கிடந்தாலும் ரசாயனமாகப் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஈயக் குண்டும் கிட்டத்தட்ட அப்படித்தான், நுழையும்போது செய்த நாசம்தான் அதன் நாசம். அலுமினியம், துத்தநாகம் நடுத்தரம். எவர்சில்வர் மெதுவாகத்தான் கரையும், ஆனால் அதுவும் இரும்புதான். எல்லாவற்றையும்விட மோசம் செம்பு. ஏறக்குறைய சுத்தமான செம்பு, 85 சதவீதத்துக்கு மேல் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், உள்ளே போனால் கிருமியே இல்லாமல் கண் முழுக்கச் சீழ் கட்டியது போல அழற்சி வரும், அதுவும் மணிக்கணக்கில், நாள்கணக்கில். பித்தளை போன்ற கலப்பு உலோகமானால் மெதுவாகச் செம்பு பரவி, கார்னியாவின் ஓரத்தில் பச்சை கலந்த பழுப்பு வளையமும் லென்ஸில் சூரியகாந்திப் பூ வடிவில் ஒரு புரையும் வரும். உடம்பில் செம்பு சேர்ந்துவிடுகிற வில்சன் நோய்க்காரர்களுக்கு வருகிற அதே வளையம்தான் இது. கிணறு வெட்டுகிற இடத்திலும் கல் குவாரியிலும் வெடிக்கிற கேப்புகளில் செம்பு உண்டு, ஆகவே வெடி விபத்து என்றால் எந்த உலோகம் என்ற கேள்வி இன்னும் அவசரமாகிவிடும். மச்சானின் உளி எஃகு, அதாவது இரும்பு. துண்டு உடைந்து வந்த உளியோ சுத்தியலோ இன்னும் பட்டறையில் இருந்தால் அதையே எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். காந்தம் அதை இழுக்கிறதா என்று பார்த்தாலே டாக்டருக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

பரிசோதனைகளில் சி.டி. ஸ்கேன்தான் முதன்மை, ஒரு மில்லிமீட்டருக்கு மேற்படாத மெல்லிய வெட்டுகளாக எடுத்தது. மச்சானுக்கு அது ஆகிவிட்டது. சாதாரண எக்ஸ்ரேயில் சின்னத் துண்டு தப்பிவிடலாம், கண்ணுக்குள்ளா வெளியிலா என்பதும் அதில் சரியாகத் தெரியாது. அல்ட்ராசவுண்டில் விழித்திரை கிழிந்திருக்கிறதா, பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். சில நேரம் துண்டு ஐரிஸுக்கும் கார்னியாவுக்கும் நடுவே இருக்கிற மூலையில் ஒளிந்திருக்கும், நேராகப் பார்த்தால் தெரியவே தெரியாது, கண்ணாடி பதித்த ஒரு லென்ஸைக் கண்மேல் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

எம்.ஆர்.ஐ. மட்டும் கூடவே கூடாது, அந்த மெஷினே ஒரு பெரிய காந்தம். துண்டை எடுக்கிறவரை மச்சானுக்கு முதுகு வலிக்கோ தலைவலிக்கோ யார் எம்.ஆர்.ஐ. எழுதிக்கொடுத்தாலும் "கண்ணுக்குள் இரும்பு இருக்கிறது" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். இது சும்மா சொல்கிற எச்சரிக்கை அல்ல. தகடு வேலை பார்த்த ஒருவர், கண்ணுக்குள் சில்லு கிடப்பதே தெரியாமல் எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் போய், துண்டு உள்ளேயே நகர்ந்து, ரத்தம் கசிந்து அந்தக் கண்ணின் பார்வையை இழந்ததை 1986-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் பதிவு செய்திருக்கிறார்கள். ஸ்கேன் சென்டரில் "உலோக வேலை செய்ததுண்டா, கண்ணில் அடிபட்டதுண்டா" என்று படிவத்தில் கேட்பது இந்த மாதிரி ஆபத்தை நினைத்துத்தான். நம்மவர்கள் அதைப் படிக்காமலேயே எல்லாவற்றுக்கும் இல்லை என்று டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

இன்னொரு பரிசோதனை இருக்கிறது, என் கருத்தில் உங்கள் கேள்விக்கு அதுதான் மையம்: ஈ.ஆர்.ஜி. இதயத்துக்கு ஈ.சி.ஜி. எடுப்பது போல விழித்திரைக்கு எடுப்பது. இருட்டில் கொஞ்ச நேரம் உட்கார வைத்து, மின்வாயைக் கண்ணில் பொருத்தி, ஒளியைப் பளிச்சென்று காட்டினால் விழித்திரை தருகிற மின்சார அலை காகிதத்தில் வரும். கீழே இறங்குவது ஏ அலை, பிறகு மேலே ஏறுவது பி அலை. சிடெரோசிஸின் ஆரம்பத்தில் அலை இயல்பைவிடப் பெரிதாகக்கூட வரலாம், அப்புறம் பி அலை சரியத் தொடங்கும், கடைசியில் நேர்கோடு. நல்ல கண்ணின் அலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பி அலை பாதிக்கு மேல் தங்கியிருக்கும்போதே துண்டை எடுத்துவிட்டால் விழித்திரை மீண்டும் தேறி வர நல்ல வாய்ப்பு உண்டு. பாதிக்குக் கீழே போய்விட்டால் தேறுவது கடினம். பார்வை அட்டையில் கடைசி வரி வரை படிக்கிற ஆளுக்கும் ஈ.ஆர்.ஜி. சரிந்திருக்கலாம், ஏனென்றால் அட்டை பார்ப்பது விழித்திரையின் நடுவில் ஒரு புள்ளியை மட்டும், ஈ.ஆர்.ஜி. பார்ப்பது மொத்த விழித்திரையையும். ஆகவே "நன்றாகத்தானே தெரிகிறது" என்கிற வாதம் இங்கே நிற்காது. மச்சானுக்கு ஈ.ஆர்.ஜி. எடுத்தார்களா என்று கேளுங்கள், எடுத்திருந்தால் நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு தேறுகிறதா என்று ஒப்பிட அதுதான் ஆதாரம்.

துண்டை அப்படியே விட்டுவிடுகிற சந்தர்ப்பமே இல்லையா என்றால், உண்டு. உள்ளே கிடப்பது கண்ணாடியோ கல்லோ, பார்வை நன்றாக இருக்கிறது, ஈ.ஆர்.ஜி. சரியாக இருக்கிறது, சுற்றித் திசு மூடிக்கொண்டு அசையாமல் இருக்கிறது என்றால் சில மாதத்துக்கு ஒருமுறை பரிசோதித்துக்கொண்டே விட்டுவைப்பார்கள். மிகச் சிறிய இரும்புத் துகளாக இருந்து முழுக்க மூடிக்கொண்டிருந்தாலும் சில டாக்டர்கள் இப்படிக் காத்திருப்பதுண்டு. எதிர்முனையில், ஈ.ஆர்.ஜி. நேர்கோடாகி, வெளிச்சம்கூடத் தெரியாத கண்ணில் ஆபரேஷன் செய்து பார்வை வரப்போவதில்லை. மச்சான் இந்த இரண்டிலும் சேரவில்லை. அறிகுறி தொடங்கிவிட்டது, பார்வை இன்னும் மிச்சம் இருக்கிறது. ஆபரேஷனால் அதிகம் காப்பாற்றக்கூடிய கண் இந்த நடுவில் இருக்கிற கண்தான். வீட்டில் சொல்கிற "கத்தி வைத்தால் போய்விடும்" என்ற பயத்தையும் இதோடு சேர்த்துத்தான் எடை போட வேண்டும். ஆபரேஷனில் ஆபத்து உண்டு, அதைக் கீழே சொல்கிறேன். ஆனால் கரைகிற இரும்பை உள்ளே விட்டுவைத்தால் பார்வை போவதற்கு வாய்ப்பு என்று சொல்வதைவிட, போய்க்கொண்டிருக்கிறது என்று சொல்வதுதான் பொருத்தம்.

காந்தம் வைத்து வெளியிலிருந்தே இழுத்துவிட முடியாதா என்று பலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி, பழைய கேள்வியும்கூட. 1624-ல் சுவிட்சர்லாந்தில் ஃபாப்ரிசியஸ் ஹில்டானஸ் என்ற அறுவை மருத்துவர் ஒரு நோயாளியின் கார்னியாவில் குத்தி நின்ற எஃகுச் சில்லை எடுக்க முடியாமல் திண்டாடியபோது, அவர் மனைவி மாரி கொலினே காந்தக்கல்லைக் கொண்டுவந்து எடுத்ததாக அவரே எழுதி வைத்திருக்கிறார். பிறகு 1879-ல் பெர்லினில் ஹிர்ஷ்பெர்க் மின்காந்தத்தைப் பயன்படுத்தினார். 1890-களில் சூரிச்சில் ஹாப் என்பவர் ராட்சதக் காந்தம் ஒன்றைச் செய்து, நோயாளியை அதன் முன்னால் உட்காரவைத்து இழுத்தார். துண்டு வந்தது, வருகிற வழியில் லென்ஸையும் விழித்திரையையும் கிழித்துக்கொண்டும் வந்தது. கண்ணுக்குள் எதையும் நேரில் பார்த்துச் செய்ய வழியில்லாத காலம், அவர்களைக் குறை சொல்ல முடியாது. 1970-களின் தொடக்கத்தில் மியாமியில் மாக்கெமர் விட்ரெக்டமி என்ற ஆபரேஷனைக் கொண்டுவந்த பிறகு நிலைமையே மாறிவிட்டது.

மச்சானுக்குச் செய்யப்போவதும் விட்ரெக்டமியாகத்தான் இருக்கும். வெள்ளைவிழியில், கார்னியாவின் ஓரத்திலிருந்து மூன்றரை, நான்கு மில்லிமீட்டர் தள்ளி மூன்று சின்னத் துளைகள் போட்டு, ஒன்றில் நீர், ஒன்றில் விளக்கு, ஒன்றில் வெட்டி உறிஞ்சும் கருவி. கண்ணுக்குள் நிறைந்திருக்கிற கூழை எடுத்துவிட்டு, துண்டைச் சுற்றி மூடியிருக்கிற நார்த்திசுவைப் பிரித்து, கண்ணுக்குள் நுழைகிற மெல்லிய காந்தத்தாலோ இடுக்கியாலோ அதைப் பிடித்து வெளியே கொண்டுவருவார்கள். புரை இருந்தால் அதையும் சேர்த்தே எடுப்பார்கள், லென்ஸை அன்றைக்கே வைப்பதா பிறகா என்பது கண்ணின் நிலையைப் பொறுத்தது. விழித்திரை கிழிந்திருந்தால் சுற்றி லேசர் போட்டு உள்ளே வாயுவோ சிலிக்கான் எண்ணெயோ நிரப்புவார்கள். வாயு நிரப்பினால் சில நாள் குப்புறப் படுக்க வேண்டியிருக்கும், வாயு முழுதும் கரைகிறவரை விமானத்தில் போகக்கூடாது, உயரமான மலைக்கும் டாக்டரைக் கேட்காமல் போகக்கூடாது. சிலிக்கான் எண்ணெய் என்றால் அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன். இதையெல்லாம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டால், பட்டறைக்கு எத்தனை நாள் லீவு என்பதைத் திட்டமிடலாம்.

ஆபத்துகளில் பெரியது, ஆபரேஷனுக்குப் பிறகு விழித்திரையின் மேல் தழும்புத்திசு வளர்ந்து அதை இழுத்துப் பிரிப்பது. இது ஆபரேஷன் டேபிளில் நடப்பதல்ல, அடுத்த சில வாரங்களில், மாதங்களில் வரும். ஆகவே "துண்டு வந்துவிட்டது, நல்லா இருக்கேன்" என்று ரிவ்யூவுக்குப் போகாமல் நின்றுவிடக்கூடாது. கண்ணுக்குள் மின்னல் வெட்டுவது போலவோ, திரை இறங்குவது போலவோ தெரிந்தால் அன்றைக்கே போக வேண்டும். கண் அழுத்தத்தையும் பல வருஷத்துக்குப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், சல்லடையில் ஏற்கெனவே படிந்த இரும்பு துண்டோடு சேர்ந்து வெளியே வருவதில்லை.

பார்வை எவ்வளவு திரும்பும்? புரையால் வந்த மங்கல் போய்விடும். பாப்பா சிலருக்குப் பழைய நிலைக்கு வரும், சிலருக்கு அப்படியே நின்றுவிடும், வெயிலில் கூசும். ராத்திரிப் பார்வையும் பக்கப் பார்வையும் எவ்வளவு தேறும் என்பது ஈ.ஆர்.ஜி. சொல்கிற கதை. இரும்பைக் கரைத்து வெளியேற்றுகிற சொட்டு மருந்து ஏதாவது உண்டா என்றால், ஆபரேஷனுக்கு மாற்றாக ஒன்றும் இல்லை. ரத்தத்தில் இரும்பு கூடினால் கொடுக்கிற டெஸ்ஃபெரியாக்சமைனைக் கண்ணுக்கும் முயன்று பார்த்திருக்கிறார்கள், அது துண்டை எடுப்பதற்கு ஈடாகவில்லை. பொன்னாங்கண்ணியும் கேரட்டும் தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் அவை இந்தத் துண்டை ஒன்றும் செய்யாது.

இன்னொரு கண்ணுக்குப் பரவுமா என்ற பயம் இருக்கும். சிடெரோசிஸ் பரவாது, அது அந்தக் கண்ணோடு சரி. ஆனால் கண்ணைத் துளைத்த எந்தக் காயத்துக்குப் பிறகும், மிக அரிதாக, உடலின் எதிர்ப்பு சக்தி குழம்பிப்போய் நல்ல கண்ணையும் தாக்குவதுண்டு. பார்வையற்றவர்களுக்கான புள்ளி எழுத்தை உருவாக்கிய லூயி பிரெய்ல் 1812-ல் மூன்று வயதுக் குழந்தையாக இருந்தபோது அப்பாவின் தோல் பட்டறையில் ஊசியால் ஒரு கண்ணைக் குத்திக்கொண்டு, சில காலத்தில் இரண்டு கண்ணையும் இழந்தது இப்படித்தான் என்று கருதுகிறார்கள். இன்றைக்கு அதற்கு ஸ்டெராய்டு சிகிச்சை இருக்கிறது. நல்ல கண் சிவந்து, கூசி, மங்கினால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள், அது போதும்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது இன்றைக்கே இப்படி ஏதாவது தெறித்திருந்தால் வேறு அவசரம். புதுக் காயத்தில் முதல் பயம் கிருமி, துரு அல்ல. மண் கலந்த சில்லு என்றால் ஒரே நாளில் கண்ணைச் சீழாக்கிவிடுகிற பாக்டீரியாக்கள் உண்டு, துண்டை 24 மணி நேரத்துக்குள் எடுத்தால் அந்த ஆபத்து குறைகிறது. கசக்காதீர்கள், அழுத்தாதீர்கள், துளைத்திருக்கும் என்று சந்தேகம் இருந்தால் தண்ணீர் பீய்ச்சிக் கழுவவும் வேண்டாம், எதுவும் குத்திக்கொண்டு நின்றால் பிடுங்கவே கூடாது. ஒரு காகிதக் கப்பைக் கண்மேல் கவிழ்த்து பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, வெறும் வயிற்றோடு, ஏனென்றால் மயக்க மருந்து கொடுக்க வேண்டிவரும், விழித்திரை ஆபரேஷன் வசதி உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டு இரண்டு நாள் பார்ப்பது இதில் உதவாது. டெட்டனஸ் வராமல் தடுக்கிற டி.டி. ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும்.

மச்சான் திரும்ப வேலைக்குப் போகும்போது பாலிகார்பனேட் கண்ணாடி, பக்கவாட்டிலும் மூடியது, கட்டாயம். பவர் கண்ணாடி போட்டிருக்கிறேனே என்பது பாதுகாப்பு இல்லை. வெல்டிங் ஷீல்டைத் தூக்கிவிட்டுக் கசடு தட்டுகிற அந்த ஒரு நிமிஷத்தில்தான் பாதிப் பேருக்குக் காயமே என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 2025 வரை நடைமுறையில் இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 35-ஆம் பிரிவே கண் பாதுகாப்புக்காக எழுதியதுதான், ஆனால் நாலு பேர் வேலை செய்கிற கிரில் பட்டறைக்கு அந்தச் சட்டம் எட்டிப்பார்த்ததில்லை. மலர்ந்த உளித்தலையை வாரம் ஒருமுறை கிரைண்டரில் பிடித்து மழுக்கிவிடச் சொல்லுங்கள், அதற்குச் செலவே கிடையாது.

கடைசியாகப் பணம். இ.எஸ்.ஐ. இருந்தால் அந்த வழி, இல்லையென்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு போய் எந்த ஆபரேஷனுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று கவுண்டரில் முதலிலேயே கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளின் கண் பிரிவையும் 1819-லிருந்து இருக்கிற எழும்பூர் கண் மருத்துவமனையையும் மறந்துவிட வேண்டாம். இ.எஸ்.ஐ. இல்லாத தொழிலாளிக்கு 1923-ல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் ஒரு வழி வைத்தது, ஒரு கண்ணின் பார்வை முழுதும் போனால் சம்பாதிக்கிற திறனில் 30 சதவீத இழப்பு என்று அதன் அட்டவணையில் இருந்தது, 2025-ல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. பழைய சட்டத்தில் ஒரு சிக்கல்: விபத்து நடந்து இரண்டு வருஷத்துக்குள் கோர வேண்டும் என்று கெடு இருந்தது. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஏற்கலாம் என்றும் இருந்தது, ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம். மச்சானுக்கு ஒன்றரை வருஷம் ஏற்கெனவே ஓடிவிட்டது. அன்றைக்குச் சொட்டு மருந்து எழுதிக்கொடுத்த கிளினிக் சீட்டு வீட்டில் எங்கேயாவது கிடக்கும், தேதியோடு. அதை இந்த வாரமே தேடி எடுத்து, சி.டி. ரிப்போர்ட்டோடு சேர்த்துத் தொழிற்சங்க ஆளிடமோ தொழிலாளர் அலுவலகத்திலோ காட்டிவிடுங்கள்.